முதல் குண்டு மண்ணுக்கு

ஹார்லோ மாவட்டச் சிறை, ஃபுளோரிடா
செப்டம்பர் 7, 2011

அன்புள்ள தங்கை டீனிக்கு,

அண்ணன் ஹோசியா எழுதுவது. கர்த்தர் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உதடு எப்படி இருக்கிறது? தையல் பிரிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிரு. நாற்பத்தெட்டு வருடமாக நான் சொல்லி நடக்காததை டாக்டர் சொன்னாலாவது கேள்.

எனக்கு இன்னும் தலைகால் புரியவில்லை. உன்னை விட்டுத் தொலைந்து இரண்டு வருடமான உன் புருஷன் டூவிட் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வருகிறான். வலைக்கதவைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து உன் வாயில் குத்துகிறான். கையில் டயர் கழற்றும் இரும்பு வேறு. நான் லாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்து, "டூவிட், போயிடு"ன்னு மூன்று முறை சொன்னேன். பிறகு ஒரு குண்டு. அதுவும் மண்ணில்.

அப்பா நம் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது அதுதானே? "முதல் குண்டு மண்ணுக்கு. அதுக்கும் போகலைன்னாத்தான் ஆளுக்கு." இந்தப் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வளர்க்கிறார்கள். ஷெரிஃபின் போலீஸ் ஆட்களுக்குத் தகவல் கொடுத்ததே டூவிட்தான் என்று தெரியாமல், நான் அவர்களுக்குக் காப்பி போட்டு வைத்துக் காத்திருந்தேன். "குறி தப்பிடுச்சா?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பதினஞ்சு அடியில எனக்குக் குறி தப்புமா? வேணும்னுதான் மண்ணுல சுட்டேன். அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்" என்றேன். நல்லவன் மாதிரி எழுதிக்கொண்டான். இரண்டு பக்கம். கையெழுத்தும் போட்டேன். விலங்கும் போட்டுவிட்டான்.

சார்ஜென்டுக்கு வேளாவேளைக்குச் சோறு வை. சமையலறையில் படுக்க விடாதே, அப்புறம் அந்த நாய் நம்மை வெளியே அனுப்பிவிடும்.

பிரார்த்தனையில் என்னை மறக்காதே.

உன் அண்ணன்,
ஹோசியா

*

செப்டம்பர் 25, 2011

அன்பு அண்ணனுக்கு,

டீனி வணக்கத்துடன் எழுதுவது. தையல் பிரித்தாகிவிட்டது. சோளக் கஞ்சி குடிக்கும்போது மட்டும் கொஞ்சம் எரிகிறது. உன் ரத்த அழுத்த மாத்திரையை அங்கே கொடுக்கிறார்களா? கொடுக்காவிட்டால் உடனே எழுது, நான் போய்க் கத்துகிறேன்.

சபையில் உனக்காக எல்லோரும் எழுந்து நின்று ஜெபித்தார்கள். சார்ஜென்ட் உன் லாரிக்கு அடியிலேயே கிடக்கிறான்.

உனக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் வக்கீல் மிஸ் கெஸ்லரைப் பார்த்தேன். சின்னப் பெண், ஆனால் கெட்டி. உன் முதல் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "வழக்கப் பத்தி ஒரு வார்த்தை எழுதக்கூடாது. கடிதத்தப் பிரிச்சுப் படிப்பாங்க. போன்ல பேசினா பதிவாகும். பார்க்கப் போனாலும் திரையிலதான் பேசணும், அதுவும் பதிவாகும்" என்றார். அதனால் இனி நாயும் மழையும்தான் எழுத வேண்டும்.

ஒன்று மட்டும் எழுதலாமாம், அது ஊரறிந்த சட்டம்தானே. துப்பாக்கியைக் காட்டினால் பத்து வருடம், சுட்டால் இருபது, பட்டால் இருபத்தைந்து. ஷெரிஃப் அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. நூறு தடவை அந்தப் பக்கம் போயிருப்பேன், வேறு யாருக்கோ எழுதியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். குற்றம் உறுதியானால் நீதிபதியாலேயே ஒரு நாள் குறைக்க முடியாதாம். மண்ணில் சுட்டாலும் சுட்டதுதானாம்.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
டீனி

*

அக்டோபர் 9, 2011

அன்புள்ள டீனிக்கு,

இங்கே நான் சௌக்கியம். மாத்திரை தருகிறார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. இரண்டு ரொட்டிக்கு நடுவில் ஒரு துண்டு இறைச்சி இருப்பதாகச் சொல்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை. உன் பள்ளிக்கூடச் சமையலைக் குறை சொன்னதற்கெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் அறையில் டோபியாஸ் என்று ஒருவன். என் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "யோவ், அவன நேராச் சுட்டிருந்தா உயிருக்குப் பயந்து சுட்டேன்னு சொல்லி இந்நேரம் வீட்ல மீன் பொரிச்சுட்டு இருப்ப. மண்ணச் சுட்டதுக்குத்தான்யா உள்ள கிடக்குற!" நானும் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

மிஸ் கெஸ்லர் வந்திருந்தார். அரசுத் தரப்பு ஒரு பேரம் சொல்கிறதாம். நான் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் மூன்று வருடம். முடியாது என்று சொல்லிவிட்டேன். எதற்கு ஒப்புக்கொள்வது? என் வீட்டில் என் தங்கையை அடித்தவனை விரட்டியதற்கா?

நீ வாசல் படிமேல் நின்றுகொண்டிருந்தாய். நீ வந்து சொன்னால் போதும். இந்த ஊரில் உன் வார்த்தையைச் சந்தேகப்படுபவன் இன்னும் பிறக்கவில்லை. வழக்கைப் பற்றி எழுதக்கூடாது என்றாய், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

கூரையில் சமையலறைப் பக்கம் ஒழுகும். மழைக்கு முன் ஆளைக் கூப்பிட்டுப் பார்.

அன்புடன்,
ஹோசியா

*

நவம்பர் 20, 2011

அன்பு அண்ணனுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் சுகம், சார்ஜென்டும் சுகம். நன்றி கூறும் நாளுக்குப் பள்ளியில் நானூறு பிள்ளைகளுக்கு வான்கோழி. கை வீங்கிப்போய்ப் பேனா பிடிக்க முடியவில்லை. இது முழுக் காரணம் இல்லை. நாலு தடவை எழுத உட்கார்ந்து கிழித்துப்போட்டேன்.

கூரையை அடைத்தாகிவிட்டது.

அண்ணா, அந்த மூன்று வருடத்துக்குச் சரி என்று சொல்லிவிடு.

உனக்கு ஐம்பத்தொன்று. வெளியே வரும்போது ஐம்பத்து நான்கு. லாரி இருக்கும், வீடு இருக்கும், நான் இருப்பேன். இருபது என்றால் எழுபத்தொன்று. அதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நீ குற்றவாளி இல்லை என்று எனக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையை நீதிபதி காதுக்காகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்.

மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. அதில் ஒன்றுமில்லை.

உன் தங்கை,
டீனி

*

டிசம்பர் 11, 2011

டீனிக்கு,

நான் நலம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அடித்த வரியை வெளிச்சத்திலும் பிடித்துப் பார்த்தேன். ஒழுங்காக அடித்திருக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை.

டூவிட்டோடு பதினான்கு வருடம் குடித்தனம் பண்ணியவளுக்கு மூன்று வருடம் சும்மாதான். எனக்கு அப்படி இல்லை. ஒப்புக்கொண்டால் லாரி ஓட்டும் உரிமம் போகும், ஓட்டுப் போடும் உரிமை போகும், துப்பாக்கி தொடவே முடியாது. செத்தாலும் குற்றவாளி என்ற பெயர் போகாது. அவன் உன் உதட்டைக் கிழித்ததற்கு என்ன கிடைத்தது? அறுபது நாள். என் ஒரு குண்டு மண்ணைக் கிழித்ததற்கு மூன்று வருடம் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டுமா?

எல்லோரும் என்னைப் பயமுறுத்துகிறார்கள். வக்கீல், டோபியாஸ், சோறு போடுகிறவன்கூட. நீயாவது என் பக்கம் நிற்பாய் என்று நினைத்தேன். உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா, இல்லை அவன்மேல் இன்னும் இரக்கம் பாக்கி இருக்கிறதா?

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹோசியா

*

ஜனவரி 15, 2012

அன்பு அண்ணனுக்கு,

புது வருடத்தில் ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். எனக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

நீ எழுதியது வலித்தது. அழுதேன். அப்புறம் பாத்திரம் கழுவினேன்.

மிஸ் கெஸ்லர் கூப்பிட்டு என்னிடம் கேள்விகள் கேட்டார். "டூவிட் உங்கள அடிச்சாரா? இரும்பு வச்சிருந்தாரா? உங்க அண்ணனப் பார்த்து வந்தாரா?" எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாமே உண்மைதான். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கேட்காததை நானாக எடுத்துச் சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் அந்தப் பக்கத்து வக்கீலும் கேட்பார். வலது கையைத் தூக்கிச் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்பார். என்னை உனக்குத் தெரியும். பொய் சொன்னால் என் கழுத்து சிவந்துவிடும், அப்பா அதைவைத்தே கண்டுபிடிப்பார். இதற்குமேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

பிப்ரவரி பத்தாம் தேதிவரைதான் அந்தப் பேரம் நிற்குமாம். தங்க ஒரு கூரையைத் தவிர நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எனக்காக மூன்றை வாங்கிக்கொள். உன் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்.

உன் தங்கை,
டீனி

*

பிப்ரவரி 12, 2012

அன்புள்ள டீனிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். போன கடிதத்தில் எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நாக்கில் விஷம் ஊறிவிடுகிறது. உனக்குக் கூட்டத்தில் பேசப் பயம், அதனால்தான் இப்படி எழுதுகிறாய் என்று எனக்குப் புரிகிறது.

வெள்ளிக்கிழமை நீதிபதிமுன் நிறுத்தினார்கள். "மிஸ்டர் ரால்ஸ், மூணு வருஷத்த வேண்டாம்னு சொல்றீங்க. தோத்தா இருபது. என்னால ஒண்ணும் செய்ய முடியாது. புரிஞ்சுதானே சொல்றீங்க?" என்று கேட்டார். "புரியுதுங்க ஐயா" என்றேன். மிஸ் கெஸ்லர் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பவில்லை.

மார்ச் 12 விசாரணை. அந்த நீலக் கவுனைப் போட்டுக்கொள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் வை. தீர்ப்புச் சொல்லும் ஜூரிகள் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முகத்தைப் பார். முணுமுணுக்காமல் சத்தமாகப் பேசு. மாலையில் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். மீன் வாங்கி வை.

உன் அண்ணன்,
ஹோசியா

*

ஏப்ரல் 1, 2012

அன்பு அண்ணனுக்கு,

நீ என் கடிதத்தைப் பிரிப்பாயா என்று தெரியவில்லை. பிரித்தால், நான் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

எல்லாம் முடிந்துவிட்டதால் இனி வழக்கைப் பற்றி எழுதலாமாம். எழுதுகிறேன்.

அன்று நான் படியில் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நீ "போயிடு" என்று கத்தியதும் நிமிர்ந்தேன். டூவிட் இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு தன் வண்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். பாதி தூரம் போய்விட்டான். அப்போதுதான் நீ சுட்டாய். இதைப் பார்த்த நாள் முதல் எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றை வாங்கு, மூன்றை வாங்கு என்று கெஞ்சியதெல்லாம் இதனால்தான்.

பொய் சொல்வது என்று முடிவு செய்துதான் வந்தேன் அண்ணா. காரில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன், "எங்களப் பார்த்துத்தான் வந்துட்டு இருந்தான்." கழுத்து தெரியாமல் இருக்கத் துணியும் சுற்றிக்கொண்டேன். மிஸ் கெஸ்லர் கேட்டவரை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை கேட்பது மாதிரிக் கேட்டார்.

"உங்க அண்ணன் சுட்டப்போ மிஸ்டர் டூவிட்டோட எதைப் பார்த்தீங்க மேடம்? முகத்தையா, முதுகையா?"

நான் வாயைத் திறந்தேன். அந்த ஆறு பேரில் ஒரு அம்மாள் நம் சபையில் பாடுகிறவள் மாதிரியே இருந்தாள். "முதுகத்தான்" என்றேன். நீ சொன்னபடி சத்தமாகவே சொன்னேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் அந்த ஆறு பேரும் திரும்பி வந்து குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "என் கையில விட்டிருந்தா இவ்வளவு கொடுத்திருக்க மாட்டேன். எத்தன வருஷம்னு சட்டத்துலயே எழுதி அனுப்பிட்டாங்க, நான் வாசிக்கிறேன்." இருபது என்று வாசித்தார். உன்னைக் கூட்டிப்போகும்போது என் பக்கம் திரும்புவாயா என்று பார்த்தேன்.

என் உதட்டுக்காகத்தான் நீ துப்பாக்கியை எடுத்தாய். அதே வாயால்தான் உன்னை உள்ளே தள்ளினேன். என்னை மன்னி என்று கேட்க மாட்டேன். கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

டீனி

*

ஜூன் 17, 2012

அண்ணனுக்கு,

உன்னை மாநிலச் சிறைக்கு மாற்றிவிட்டதாக மிஸ் கெஸ்லர் சொன்னார். இந்த விலாசம் அவர் கொடுத்தது. மேல்முறையீட்டுக்கு எழுதியிருக்கிறாராம், ஆனால் நம்பிக்கையாகப் பேசவில்லை.

மாத்திரையை விடாதே. உள்ளே வெயில் அதிகம் என்கிறார்கள், நிறையத் தண்ணீர் குடி. உன் லாரியை விற்கவில்லை. வாரம் ஒருமுறை கிளப்பி விடுகிறேன்.

டூவிட் ஜார்ஜியாவுக்குப் போய்விட்டான். நான் மட்டும்தான் உன் வீட்டில் இருக்கிறேன். யாரும் கதவைத் தட்டுவதில்லை.

பதில் போடாவிட்டாலும் எழுதிக்கொண்டிருப்பேன்.

டீனி

*

மாநிலச் சிறை, ஃபுளோரிடா
செப்டம்பர் 9, 2012

அன்புள்ள தங்கை டீனிக்கு,

அண்ணன் எழுதுவது. பத்து கிலோ இளைத்திருக்கிறேன், மற்றபடி சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே சலவைக் கூடத்தில் வேலை. டோபியாஸும் இங்கேதான் இருக்கிறான், ஆனால் இப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

ஐந்து மாதம் உன்மேல் ஆத்திரமாக இருந்தேன். உன் கடிதங்களைப் பிரிக்காமலே தலையணைக்குள் வைத்திருந்தேன். போன வாரம்தான் படித்தேன். படித்த பிறகு உன்மேல் கோபப்பட எனக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். டூவிட் முதுகைக் காட்டித் திரும்பி நடந்தது சுட்டவனுக்குத் தெரியாமல் இருக்குமா? நடந்துகொண்டே அவன் என்னிடம் ஒன்று சொன்னான். உனக்குக் கேட்டிருக்காது, நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். "செவ்வாய்க்கிழமை நீ லாரி எடுத்துட்டுப் போவேல்ல? அப்ப வர்றேன்" என்றான். அமைதியாக, கடைக்கு வருகிறேன் என்பது மாதிரிச் சொன்னான். அதற்குத்தான் சுட்டேன். செவ்வாய்க்கிழமை அவன் வரக்கூடாது என்றுதான் சுட்டேன். இதை மிஸ் கெஸ்லரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவன் போய்க்கொண்டிருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைக்காக ஞாயிற்றுக்கிழமை பயப்படுவது இந்தச் சட்டத்தில் பயமே இல்லையாம். அந்த நிமிடமே உயிர் போகிற மாதிரி இருக்க வேண்டுமாம்.

நீ குனிந்திருந்தாய். வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் அவன் திரும்பி நடந்ததை நீ பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தேன். அது தெரிந்தது உலகத்தில் இரண்டே பேருக்கு, எனக்கும் அவனுக்கும்; அவன் பேச்சை யார் நம்பப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தத் தைரியத்தில்தான் மூன்றை வேண்டாம் என்றேன்.

நீ பார்த்தாய் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன். உன்னைக் கூண்டில் ஏற்றி அந்தக் கேள்வியைக் கேட்க விட்டிருப்பேனா? கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தாயாமே. நீ எனக்காகப் பொய் சொல்ல முயன்றதை நினைத்தால்தான் இங்கே எனக்குத் தாங்கவில்லை.

நீ சொல்லாததற்குக் காரணம் நான் அகப்பட்டுக்கொள்வேனே என்ற பயம். நான் சொல்லாததற்குக் காரணம் என் வீம்பு. நீ பயந்தது எனக்காக. நான் வீம்பு பிடித்தது எனக்காகவே. ஆகவே நீ உன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். நான் சுட்டதற்கு அவர்கள் கேட்டது மூன்று வருடம்தான். மிச்சப் பதினேழும் நாம் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்ததற்கு.

பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு பெயர்தான் எழுதினேன். அனுமதி வர ஒரு மாதம் ஆகுமாம். சனி, ஞாயிறு ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். அடையாள அட்டையை மறக்காதே, கையில்லாத கவுன் போட்டு வந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

வா டீனி.

உன் அண்ணன்,
ஹோசியா